இந்திய நகர உள்ளாட்சியும் நடப்போர் வழியும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தருமபுரி மாவட்டத்தில் கண்டறியப்பட்ட அதியமான் பெருவழிக் கல், நாவல்தாவளத்திற்கு உரிய தொலைவை 29 காதம் என எண்ணால் குறிப்பதோடு, பெரிய குழிகள் இரண்டாகவும் சிறிய குழிகள் ஒன்பதாகவும் பொறித்துக் காட்டுகின்றது. எழுத்தறியாத வழிநடையாளரும் தொலைவை அறிந்துகொள்ளவே குழிகள் இடப்பட்டன என்பர் அறிஞர். வழியமைத்தோர் நடந்து செல்வோரைக் கருத்திற் கொண்டிருந்தமைக்கு இஃது ஒரு சான்றாகும். இக்கால இந்திய நகரங்களில் நடப்போருக்கும் மிதிவண்டியோருக்கும் உரிய வழியைத் திட்டமிடும் பொறுப்பு யாரிடம் இருந்தது, அப்பொறுப்பு எவ்வாறு நிறைவேற்றப்பட்டது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது.

வரியும் வழியும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மிதிவண்டி பரவியபோது, நகராட்சிகள் பல அதனை வரிக்குரிய பொருளாகவே முதலில் நோக்கின. ஆண்டு வரி செலுத்தியோருக்கு உலோக வில்லை வழங்கப்பட்டது. வில்லையில்லா வண்டிக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. இரவில் விளக்கின்றி ஓட்டுவதும் குற்றமாயிற்று. ஆயினும் வரி பெற்ற மன்றங்கள் மிதிவண்டிக்கெனத் தனி வழி அமைத்தல் அரிதாகவே இருந்தது. அமைக்கும் முறை அறியப்படாமையால் இந்நிலை ஏற்படவில்லை. மிதிவண்டித் தடங்களுக்கான அளவுமுறைகளை இந்தியச் சாலைப் பேராயம் 1962ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது. நடப்போர் வசதிகளுக்கான நெறிமுறைகள் 1988இல் வந்தன. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் குடியிருப்புப் பகுதிகளில் தடையற்ற நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என வரையறுத்தது.

நடப்போருக்கு முதலிடம் தந்து எழுந்த நகராகச் சண்டிகர் சுட்டப்படுவதுண்டு. 1951 முதல் அதன் அமைப்பை வகுத்த லெ கொர்புசியே, சாலைகளை ஏழு வகையாகப் பிரித்து, ஏழாம் வகையைப் பசும்பரப்பின் ஊடே நடப்போருக்கு ஒதுக்கினார். மிதிவண்டிக்குரிய எட்டாம் வகை பின்னர்ச் சேர்க்கப்பட்டது. ஆயினும் அந்நகருக்கு மாநகராட்சி அமைந்தது 1994இல்தான். வழியை வகுத்தவர் வல்லுநர். நகரமன்றம் அதற்கு நாற்பது ஆண்டுகள் பிற்பட்டது என்பது இங்கு நோக்கத்தக்கது.

‘பிளாட்பாரம்’ என்னும் சொல்

சென்னைப் பேச்சு வழக்கில் நடைபாதை ‘பிளாட்பாரம்’ எனப்படும். புகைவண்டி நிலைய மேடையைக் குறிக்கும் இச்சொல் தெருவோர மேடைக்கும் வழங்கலாயிற்று. ‘பிளாட்பாரக் கடை’, ‘பிளாட்பாரவாசி’ என்னும் தொடர்களை நோக்கின், விற்கும் இடமாகவும் உறங்கும் இடமாகவும் அது மக்கள் வழக்கில் பதிந்துள்ளமை புலனாகும். நடப்போரின் உரிமையும் ஏழையரின் பிழைப்பும் ஒரே இடத்தில் மோதும் சிக்கலை இவ்வழக்குகளே காட்டுகின்றன.

சட்டத்தின் வழி

இச்சிக்கல் நீதிமன்றங்களையும் எட்டியது. 1980ஆம் ஆண்டு ரத்லம் நகராட்சி வழக்கில், தெருவின் துப்புரவைப் பேணும் கடமையிலிருந்து நிதியின்மையைக் காரணம் காட்டி நகராட்சி விலக இயலாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் நடைபாதையில் குடியிருந்தோரைப் பம்பாய் மாநகராட்சி அகற்றுவது பற்றிய வினா எழுந்தது. பிழைக்கும் உரிமை வாழ்வுரிமையின் பகுதி என நீதிமன்றம் ஏற்றது. எனினும் நடைபாதை நடப்போருக்கு உரியது என்றும் உரைத்தது. இவ்விரண்டையும் ஒரு தெருவில் எவ்வாறு இணைப்பது என்னும் வினா நகரமன்றங்களிடமே எஞ்சியது.

1993ஆம் ஆண்டு சூன் முதல் நாளில் நடைமுறைக்கு வந்த 74ஆம் அரசமைப்புத் திருத்தம், நகர உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் தந்தது. நகரத் திட்டமிடலும் சாலைகளும் பாலங்களும் அவற்றுள் அடங்கும். ஒப்படைப்பது மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பிற்கு விடப்பட்டமையால், பட்டியலில் இடம்பெற்ற பணி நடைமுறையில் நகரமன்றத்தின் கைக்கு வந்ததா என்பது மாநிலந்தோறும் வேறுபட்டது.

பிறர் கையிலிருந்த முடிவு

2006ஆம் ஆண்டுத் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, சாலைப் பரப்பை ஊர்திகளை முன்னிறுத்தாது மக்களை முன்னிறுத்திப் பங்கிட வேண்டும் என்றது. அடுத்த பத்தாண்டில் நிகழ்ந்தவை இக்கொள்கைக்கு முரணாகவும் அமைந்தன.

தில்லியில் அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 2008இல் தனிப் பேருந்துத் தடம் திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் நீளமுடைய அச்சாலையில் மிதிவண்டிக்குத் தனித்தடமும் நடைபாதையும் அமைந்தன. மகிழுந்து உடைமையாளர் எதிர்ப்பு வலுத்தது. அத்திட்டத்திற்கு எதிரான வழக்கை 2012இல் தில்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆயினும் 2015இல் தில்லி அரசு தடத்தை நீக்க முடிவுசெய்தது. 2016இல் அகற்றும் பணி தொடங்கியது. அமைத்ததும் அகற்றியதும் மாநில அளவிலான முடிவுகளே.

கொல்கத்தாவில் 2013இல் 174 சாலைகளில் மிதிவண்டி செல்லலாகாது எனத் தடைவிதித்தது காவல்துறை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியக் குடும்பங்களுள் 44.8 விழுக்காட்டினர் மிதிவண்டி உடையோர். பாலும் செய்தித்தாளும் கொண்டுசெல்வோரின் பிழைப்பைத் தொட்ட இம்முடிவு, சாலைத் திட்டமிடலாகக் கருதப்படாமல் போக்குவரத்து ஒழுங்காகவே கருதப்பட்டது.

சென்னையின் கொள்கை

மேற்கண்டவற்றினின்று வேறுபட்டது சென்னை. 1688இல் தொடங்கிய தொன்மையுடைய அம்மாநகராட்சி, மோட்டார் சாராப் போக்குவரத்துக் கொள்கையொன்றை 2014இல் ஏற்றது. இந்திய நகரங்களுள் இவ்வாறு கொள்கை வகுத்ததில் இதுவே முதன்மையானது எனப்படும். போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காடு நடப்போர், மிதிவண்டியோர் வசதிகளை அமைக்கவும் பேணவும் செலவிடப்பட வேண்டும் என்றும், 2018க்குள் 80 விழுக்காட்டுத் தெருக்களில் நடைபாதை அமைய வேண்டும் என்றும் அக்கொள்கை கூறியது. ஊர்திக்கு இடம் விட்டபின் எஞ்சியதே நடைபாதை என்னும் பழைய முறையை இது நிதியளவிலேயே மாற்ற முனைந்தது.

ஆனால் 2016 அக்டோபரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடைபெற்றது 2022 பிப்ரவரியில்தான். கொள்கை குறித்த இலக்காண்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் எவரும் இல்லாத காலத்திலேயே கடந்தது. தியாகராய நகரில், சௌந்தரபாண்டியனார் பெயரால் ‘பாண்டி பஜார்’ என வழங்கும் தியாகராய சாலையில் நடப்போர் வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. சீர்மிகு நகரத் திட்டத்தின்கீழ் அமைந்த அது, நடைபாதை அகன்றால் கடைத்தெரு எவ்வாறு பொலியும் என்பதைக் காட்டியது. எனினும் அத்தெருவின் நடைபாதை வணிகர்கள் அதற்கு முன்னரே, 2013இல், தனி வளாகத்திற்கு மாற்றப்பட்டிருந்தனர். 2014ஆம் ஆண்டுத் தெரு வணிகர் சட்டம் நகர வணிகக் குழுக்களில் ஐந்தில் இரு பங்கிற்குக் குறையாமல் வணிகர் இடம்பெற வேண்டும் என வகுத்தது. அவர்கள் இடமாற்றம் அச்சட்டத்திற்கு முற்பட்டது. வளாகம் திட்டமிடப்பட்ட ஆண்டுகளிலோ, அவர்கள் முறையிடத்தக்க வட்ட உறுப்பினரும் இல்லை. அழகிய தெரு ஒன்று உருவாயிற்று. அதைப் பற்றிப் பேசும் மன்றம் அப்போது இல்லாதிருந்தது.

முடிவுரை

2025 மே 14ஆம் நாள், தடையற்ற நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கும் என உச்ச நீதிமன்றம் உரைத்தது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தத்தக்கதாக அஃது அமைய வேண்டும் என்றும் கூறியது. இதுவரை கண்டவற்றால் பின்வருவன பெறப்படும்.

1. அளவுமுறையும் சட்டமும் இல்லாமையால் நடப்போர் வழி இழக்கவில்லை. அவை 1962 முதல் படிப்படியாக வந்துள்ளன.

2. தெருவைப் பங்கிடும் முடிவு வல்லுநர், மாநில அரசு, காவல்துறை ஆகியோரிடம் இருந்த இடங்களில், பெற்ற வழி நகரமன்றத்தின் பொறுப்பாக வேரூன்றவில்லை.

3. உள்ளாட்சியே முன்வந்து கொள்கை வகுத்த சென்னையிலும், மன்றம் இல்லாத ஆண்டுகளில் அக்கொள்கை குறித்து வினவுவோர் அவையில் இல்லாமற் போயினர்.

வட்டந்தோறும் நடைபாதையின் அகலம், உடைவு, அடைப்பு ஆகியவற்றை மக்கள் கேட்கவும் உறுப்பினர் விடை கூறவும் இடமிருக்கும்போதே நீதிமன்றம் உரைத்த உரிமை தெருவை எட்டும். அதியமான் பெருவழிக் கல்லின் குழிகள் எழுத்தறியாதவரை முன்னிட்டுப் பொறிக்கப்பட்டவை. தெருவால் மிகுதியும் அல்லற்படுவோரை முன்னிட்டுத் திட்டமிடும் அம்முறை, நகரமன்றங்கள் மீளக் கைக்கொள்ள வேண்டிய ஒன்றாகும்.