எண்ணூர்க் கழியும் எழுதப்படாத வரைபடமும்

நெய்தல் நிலத்தை ஆராயப் புகுவோர் கடலையே முதற்கண் நோக்குவர். கழியைக் கடந்து சென்றுவிடுவர். சங்கப் புலவர்கள் அங்ஙனம் செய்திலர். ஓதம் ஏறி வடியும் கழியைக் கடலினின்றும் வேறாகவே கண்டு, அதன் மீனையும் பறவையையும் தனித்துக் கூறினர். நிலமுமன்று, கடலுமன்று என்னும் இவ்விடைநிலையே கழிக்கு வளம். பிற்கால ஆவணங்களில் அதற்குக் கேடாக முடிந்ததும் அதுவே.

சென்னைக்கு வடக்கே கொசத்தலை ஆறு கடலோடு கலக்குமிடம் எண்ணூர்க் கழி. வடக்கே இது பழவேற்காட்டு ஏரியோடு நீர்வழித் தொடர்புடையது. முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம் முதலிய ஊர்கள் இதனைச் சூழ்ந்துள்ளன. இவற்றின் பெயர்களே ஓரளவு வரைபடம் எனலாம். கழியின் வாய் எது, தாழை நின்ற கரை எது என்பதை அவை சொல்லும்.

இம்மக்களின் அறிவு ஏட்டில் எழுதப்பட்டதன்று. வடக்கிலிருந்து தெற்கே ஓடும் கடல்நீரோட்டத்தை ‘வன்னி’ என்றும், தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதைத் ‘தெண்டி’ என்றும் சென்னைக் கரை மீனவர் வழங்குவர். இவ்விரு சொற்களின் பொருளைப் பொறியாளர் உணர்ந்தது பெரும் பொருட்செலவிற்குப் பின்னரே. 1876-இல் சென்னைத் துறைமுகக் கட்டுமானம் தொடங்கியது. ஆண்டின் பெரும்பகுதி வடக்கு நோக்கி நகரும் மணலை அதன் சுவர்கள் தடுத்தமையின், தெற்கே மெரினாக் கரை விரிந்தது. வடக்கே இராயபுரக் கரையைக் கடல் அரித்தது.

நீரை அறிந்தவர் அதனைப் பகிர்ந்துகொள்ளவும் அறிந்திருந்தனர். பழவேற்காட்டில் ‘பாடு’ என்னும் முறை வழங்குகிறது. இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்பதை ஊரார் தமக்குள் முறைவைத்து வரையறுப்பர். எண்ணூர்க் கழியிலும் குப்பங்கள் முறைவைத்து மீன்பிடிக்கும் வழக்கம் உண்டு. வலை போடுதற்கும் வருவாய்க்கும் துன்பத்திற்கும் ‘பாடு’ என்னும் ஒரே சொல் வழங்குதல் கருதத்தக்கது. கழிச் சேற்றில் கையாலேயே இறால் பிடிக்கும் இருளர் இம்முறைக்குப் புறத்தே நிற்பவர். குப்பத்தாரின் நெறியைப் போற்றும்போது இதனை மறைத்தல் முறையன்று.

இனி, ‘புறம்போக்கு’ என்னும் சொல்லை நோக்குவோம். முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள் ஊர்தோறும் வரி நீக்கப்பட்ட நிலங்களைக் கணக்கிடுகின்றன. ஊர்நத்தம், குளம், ஆறு, வாய்க்கால், சுடுகாடு ஆகியன அவற்றுட் சில. பொதுவாதல் பற்றி அவை வரிக்குப் புறம்பாயின, பயனின்மை பற்றியன்று. பின்னாளில் அச்சொல் வசைமொழியாயிற்று. அவ்வசையைத் திருப்பிக் கேட்கும் ‘சென்னைப் பொறம்போக்குப் பாடல்’ 2017-இல் டி. எம். கிருஷ்ணாவின் குரலில் வெளிவந்தது. அதன் களமும் எண்ணூரே.

பொதுநீர் வெற்றிடமாகக் கருதப்பட்டமையின் ஆலைகள் எளிதில் வந்தன. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இலும், வடசென்னை அனல்மின் நிலையம் 1994-இலும், துறைமுகம் 2001-இலும் செயற்படலாயின. முதலாவது 2017-இல் மூடப்பட்டது. சாம்பலோ கழியிலேயே தங்கிற்று. குழாய்களினின்று கசிந்த சாம்பலால் நீரின் ஆழம் குறைந்ததை முதலில் உணர்ந்தவை மீனவர் கால்களே. இடுப்பளவு நீரில் நின்றவர் முழங்காலளவு நீரில் நிற்க நேர்ந்தது. சாம்பல் மாசு குறித்த வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022 சூலையில் தீர்ப்பளித்து, மின்வாரியத்தின் பொறுப்பை உறுதிசெய்தது. கால்கள் அறிந்தது ஆவணமாவதற்கு இத்தனை ஆண்டு சென்றது.

வரைபடத்தின் கதை இதனினும் வியப்புடையது. 1991-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையின்படி அமைந்த தமிழ்நாட்டுத் திட்டத்திற்கு 1996-இல் நடுவணரசு ஒப்புதல் அளித்தது. அதன் வரைபடத்தில் எண்ணூர்க் கழி காக்கப்படவேண்டிய நீர்நிலையாக இடம்பெற்றிருந்தது. 2017-இல் தகவல் அறியும் சட்டத்தின்வழிக் கிடைத்த மற்றொரு படத்திலோ கழியின் பெரும்பரப்பு காணப்படவில்லை. ஆறாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நீர்ப்பரப்பு தாளினின்று மறைந்தது என்று மீனவரும் சூழலியலாளரும் முறையிட்டனர். ஓடம் செல்லும் நீரை அரசின் தாள் மறுக்குமாயின், அங்கு மண் கொட்டுதல் குற்றமெனச் சொல்வது யாங்ஙனம்?

2017 சனவரி 28-இல் துறைமுகத்திற்கு வெளியே இரு கப்பல்கள் மோதியபோது, சூழலுக்குக் கேடில்லை என்றே முதலில் அறிவிக்கப்பட்டது. எர்ணாவூர்க் கரையில் எண்ணெய் படிந்துவிட்டது. மக்கள் வாளிகளால் அதனை அள்ளினர். 2023 திசம்பரில் மிக்சாம் புயல்மழையை அடுத்து மணலியிலிருந்து வந்த எண்ணெய் கழியெங்கும் பரவியது. அப்போதும் படகிற் சென்று கையால் அள்ளியவருள் மீனவரே மிகுதி.

தொல்குடி மக்களின் உரிமை பற்றிய ஐ.நா. பேரவையின் 2007-ஆம் ஆண்டுப் பிரகடனத்திற்கு இந்தியா ஆதரவாக வாக்களித்தது. எனினும் விடுதலைக்குப்பின் இந்தியர் அனைவரும் தொல்குடியினரே என்பது அதன் நிலைப்பாடு. இருளர் பட்டியற் பழங்குடியினர்; மீனவர் அவ்வகையினர் அல்லர். ஆகவே, ‘தொல்குடி’ என்னும் பெயரைக் கொண்டு கழியின்மேல் உரிமை கேட்டல் இவர்க்கு எளிதன்று. இவர்கள் கையிலுள்ள சான்று, நீரின் பெயரும் பாட்டின் முறையும் ஆகும். 2023-இல் புதிய கடற்கரை மேலாண்மை வரைபடங்கள்மீது மக்கள் கருத்துக் கேட்கப்பட்டபோது, மீன்பிடி இடங்களும் குடியிருப்புகளும் உரியவாறு குறிக்கப்படவில்லை என மீனவர் எடுத்துக்காட்டினர். அவர்கள் அங்குக் கேட்டது இழப்பீடு அன்று. தாம் வலை கட்டும் இடம் அத்தாளில் பெயரோடு எழுதப்படவேண்டும் என்பதே.