நன்றிக்கு ஒரு கணக்குப் புத்தகம்

பிரஸ்பிட்டேரியன் என்ற சொல்லைச் சென்னையின் சபைப் பலகைகளில் இன்று அபூர்வமாகத்தான் பார்க்க முடிகிறது. ஸ்காட்லாந்திலிருந்து வந்த அந்தத் திருச்சபை, எழும்பூரில் 1821-இல் திறக்கப்பட்ட புனித அந்திரேயா ஆலயத்தையும், பின்னாளில் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த கிறித்தவக் கல்லூரியையும், ராயபுரத்தில் ரெய்னி மருத்துவமனையையும் கட்டி எழுப்பிவிட்டு வரலாற்றுக்குள் மறைந்துவிட்டது என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் அவர்கள் கொண்டுவந்தவற்றில் கட்டடங்களைவிட ஆழமாக வேரூன்றியது ஓர் ஏற்பாடுதான். கடவுளுக்குச் செலுத்தும் நன்றி அடுத்த வீட்டுக்காரருடைய பராமரிப்பாக மாறவேண்டும். அதற்குச் சபையார் தேர்ந்தெடுத்த சாதாரண மனிதர்கள் பொறுப்பேற்கவேண்டும். அந்தப் பணத்துக்கு எல்லோர் முன்னிலையிலும் கணக்குச் சொல்லவேண்டும். முகப்பேர், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்துச் சபைகளில் பிறந்தநாளுக்கு ஸ்தோத்திரக் காணிக்கை போடுகிறவர்களும், ஞாயிறு மாலை நோயாளி வீட்டுக்குப் போய் ஜெபித்துவிட்டு வருகிறவர்களும், கமிட்டித் தேர்தலில் வாக்களிக்கிறவர்களும் அந்த ஏற்பாட்டின் வாரிசுகள். அவர்களில் மிகப் பலருக்கு அது தெரியாது என்பதுதான் இந்த வரலாற்றை எழுதவேண்டியதன் காரணம்.

இதன் தொடக்கம் ஜெனிவாவில் இருக்கிறது. 1541-இல் கால்வின் வகுத்த திருச்சபைச் சட்டங்கள் உதவிக்காரர்களை இரண்டு வகையாகப் பிரித்தன. ஒரு வகையினர் ஏழைகளுக்கான நிதியைப் பெற்றுப் பாதுகாத்துப் பகிர்பவர்கள். மற்றவர்கள் நோயாளிகளையும் வறியவர்களையும் நேரில் கவனிப்பவர்கள். கணக்கும் கனிவும் ஒரே பணியின் இரு பாதிகள் என்று அன்றே எழுதிவைத்தார்கள். 1560-க்குப் பிறகு ஸ்காட்லாந்து இதைத் தன் ஊர்ச் சபைகளில் நடைமுறைப்படுத்தியது. ஒவ்வொரு சபையிலும் போதகரோடு மூப்பர்கள் அமர்ந்த குழு ஒன்று இருந்தது. ஏழைகளுக்கான பெட்டியில் விழுந்த காசுக்கு அதுவே பொறுப்பு. 1845-இல் புதிய ஏழைகள் சட்டம் வரும்வரை அந்நாட்டின் வறியோர் நிவாரணத்தில் பெரும்பங்கு அந்தக் குழுக்களின் கையில்தான் இருந்தது. அவர்களுடைய திருவிருந்துக் காலமும் கவனிக்கத்தக்கது. வியாழனன்று உபவாசம், சனியன்று ஆயத்தம், ஞாயிறன்று திருவிருந்து, அடுத்த நாள் திங்கள் முழுக்க நன்றி ஆராதனை. இதற்கு முன்னதாகவே மூப்பர் தம் பகுதியிலுள்ள வீடுகளுக்குப் போய், யார் யாரோடு பகை, எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று விசாரித்திருப்பார். நன்றி சொல்லும் நாளுக்குள் அந்த வீடுகளின் நிலவரம் சபைக்குத் தெரிந்திருக்கும்.

கிளாஸ்கோவில் 1819-இல் தாமஸ் சால்மர்ஸ் இந்தப் பழைய முறையை ஒரு தொழில் நகரத்துக்குள் கொண்டுவந்து பார்த்தார். ஏறத்தாழ 10,000 பேர் வாழ்ந்த புனித யோவான் பங்கை 25 சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் உதவிக்காரரை நியமித்தார். நெசவாலைக் கூலிகள் நெருக்கியடித்து வாழ்ந்த தெருக்களில், ஒருவர் சில டஜன் குடும்பங்களைப் பெயர் சொல்லி அறிந்திருக்கவேண்டும் என்பது அவருடைய திட்டம். ஏழைகளுக்கு அரசு வரிப்பணத்திலிருந்து உதவி கொடுப்பதைச் சால்மர்ஸ் எதிர்த்தார்; அந்த எதிர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. பசித்தவனுக்குச் சட்டம் தரும் உரிமையைச் சபையின் நல்ல மனது ஈடுசெய்யாது. ஆனால் உதவுகிறவரும் உதவி பெறுகிறவரும் ஒருவர் முகத்தை ஒருவர் அறிந்திருக்கவேண்டும் என்று அவர் சொன்னதில் தவறே இல்லை. 1843-இல் போதகரை நியமிக்கும் உரிமை குறித்த சண்டையில் ஸ்காட்லாந்துத் திருச்சபை பிளந்தபோது, 450-க்கும் மேற்பட்ட போதகர்கள் ஆலயத்தையும் வீட்டையும் சம்பளத்தையும் விட்டு சால்மர்ஸோடு வெளியேறினார்கள். அவர்களைத் தாங்கியது, வாரம் ஒரு பென்னி என்ற கணக்கில் சாதாரணக் குடும்பங்களிடமிருந்து திரண்ட பொது நிதி.

அப்படி வெளியேறியவர்கள் அமைத்த சுயாதீனத் திருச்சபையில்தான் சென்னை மிஷனரிகளும் சேர்ந்தார்கள். 1837-இல் இங்கே பள்ளி தொடங்கிய ஜான் ஆண்டர்சன் அவர்களில் முதன்மையானவர். 1841 ஜூனில் அவருடைய மாணவர்கள் இராஜகோபாலும் வெங்கடராமையாவும் ஞானஸ்நானம் பெற்றபோது நகரம் கொதித்தது. பெற்றோர்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டதால் பள்ளி ஏறக்குறைய காலியானது. சில வாரங்களில் எத்திராஜுலுவும் சேர்ந்துகொண்டார். மூவரும் பின்னாளில் போதகர்களாக அபிஷேகம் பெற்றவர்கள். ஆனால் அந்த ஆண்டில் அவர்கள் வீடு இழந்த இளைஞர்கள் மட்டுமே. சோறு, துணி, காய்ச்சலில் கிடந்தால் பக்கத்தில் உட்கார ஓர் ஆள், நாளைக்குப் பெண் கொடுக்க ஒரு குடும்பம் என ஒரு சாதியும் குடும்பமும் பிறப்பிலேயே தருகிற அத்தனையையும் சபைதான் தரவேண்டியிருந்தது. தமிழ்நாட்டின் இந்தப் பகுதியில் சபையின் பராமரிப்பு தருமமாகத் தொடங்கவில்லை. உறவு அறுந்தவர்களுக்கு உறவாக நிற்கும் கட்டாயத்திலிருந்து பிறந்தது. இன்றும் சபைகளில், அடுப்பு மூட்டாத நாட்களில் துக்க வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வழக்கத்தின் அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், நான் 1841-இன் அந்த நாட்களைத்தான் காட்டுவேன்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். நன்றி என்பதே ஏழையின் கழுத்தில் மாட்டிய நுகத்தடி அல்லவா? முகப்பேர் அடங்கியிருந்த அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் அந்தக் கேள்விக்கு இரத்தமும் சதையும் இருந்தது. 1891-இல் மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் அங்குள்ள பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு எழுதிய குறிப்பு, அவர்கள் குடியிருந்த மனைகூட அவர்களுடையது இல்லை என்பதையும், மிராசுதாரின் தயவில் கடனோடு பிறந்து கடனோடு இறந்ததையும் பதிவுசெய்தது. 1892-இல் வந்த அரசாணை, இன்று பஞ்சமி நிலம் என்று நாம் சொல்லும் ஒதுக்கீட்டுக்கு வழி திறந்தது. அந்த விவாதத்தில் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த செங்கல்பட்டு ஆடம் ஆண்ட்ரூவும், திருவள்ளூர்ப் பக்கம் பணியாற்றிய வெஸ்லியன் வில்லியம் கௌடியும் குரல் கொடுத்தார்கள். ஆண்ட்ரூ மெல்ரோசாபுரம் போன்ற குடியிருப்புகளை உருவாக்கி நிலமற்றவர்களை உழவர்களாக்க முயன்றார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்ற பழமொழி, உப்பையும் நெல்லையும் ஒருவனே வைத்திருக்கும் ஊரில் கூலியாளை வாய்மூட வைக்கும் கருவியாகத்தான் பயன்பட்டது. அப்படிப்பட்ட மக்களிடம் போய் நன்றியுள்ளவர்களாக இருங்கள் என்று பிரசங்கம் செய்வது, எஜமானை மட்டும் மாற்றிக்கொடுக்கும் காரியமாக முடிந்திருக்கலாம். சில இடங்களில் அப்படித்தான் முடிந்தது. மிஷன் பங்களாவின் துரை புதிய மிராசுதாராகப் பார்க்கப்பட்டார்.

ஆனால் காணிக்கை என்ற பழக்கம் வேறொன்றையும் செய்தது. நன்றியின் முகவரியை அது மாற்றியது. ஊரில் யாருக்கும் கடன்பட்டதாக இல்லாத நன்றி அது. கடவுளுக்குக் கொடுத்தது திரும்பி ஒரு விதவைக்கோ நோயாளிக்கோ போய்ச் சேர்ந்தது. கைப்பிடி அரிசி இதற்கு நல்ல சான்று. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைத்து, வார இறுதியில் சபைக்குக் கொண்டுவருவது தமிழகக் கிராமச் சபைப் பெண்களின் வழக்கம். அதற்குப் பணம் தேவையில்லை, கணவனின் அனுமதி தேவையில்லை, படிப்பும் தேவையில்லை. தலைமுறை தலைமுறையாக வாங்கும் இடத்தில் மட்டுமே நின்றவள் கொடுக்கும் இடத்துக்கு வந்துவிடுகிறாள். பிரஸ்பிட்டேரியன் பெயரை இன்றும் விடாமல் வைத்திருக்கும் மிசோரமில், 1910-இல் தொடங்கிய பிடியரிசி வழக்கம் இதையே பேரளவில் காட்டியது. அந்த அரிசியை விற்ற பணம் இன்று கோடிகளில் கணக்காகி ஊழியங்களைத் தாங்குகிறது. ஒரு பிடி அரிசி கொடுத்தவள் அடுத்த ஆண்டு, அந்த அரிசி எங்கே போயிற்று என்று கேட்கலாம். மிராசுதாரிடம் அவள் ஒருபோதும் கேட்டிருக்க முடியாத கேள்வி அது.

பணம் வெளிநாட்டிலிருந்துதானே வந்தது என்று அடுத்துச் சொல்வார்கள். பெரிய நிறுவனங்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மை. 1888-இல் சென்னைக்கு வந்த மருத்துவர் மட்டில்டா மக்ஃபெயில் வடசென்னைப் பெண்களுக்காக உழைத்து எழுப்பிய ரெய்னி மருத்துவமனை, ஸ்காட்லாந்துச் சபைகளின் ஆதரவில்லாமல் உருவாகியிருக்காது. ஆனால் நிறுவனப் பராமரிப்பும் சபைப் பராமரிப்பும் ஒன்றல்ல. முகப்பேரிலேயே மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் மருத்துவமனை இருக்கிறது. மலங்கரை ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினரின் முயற்சியில் பிறந்த அந்த நிறுவனத்தில் இதய அறுவை செய்துகொண்டு உயிர் பிழைத்தவர்கள் ஏராளம். அறுவை முடிந்து வீடு திரும்பியவர் மூன்றாவது மாடியில் தனியாகப் படுத்திருக்கும்போது மாத்திரை வாங்கித் தருவது யார் என்பது வேறு கேள்வி. அதற்கு வெளிநாட்டு நிதியும் வேண்டாம், பெரிய கட்டடமும் வேண்டாம். அந்த இரண்டாவது வேலை தொடக்கத்திலிருந்தே உள்ளூர்க் காசிலும் உள்ளூர்க் கால்களிலும்தான் நடந்தது.

இந்த முறையின் குறைகளை மறைத்து எழுதினால் வரலாறாகாது. மூப்பர்கள் ஆண்களாகவே இருந்தார்கள். ஸ்காட்லாந்துத் திருச்சபையே பெண் மூப்பர்களை 1966-இல்தான் ஏற்றது. இங்கே வீடு வீடாகப் போய்ப் பிள்ளைப்பேற்றுக்கு உதவி, எழுத்துச் சொல்லித் தந்து, துக்கத்தில் உடன் உட்கார்ந்த பைபிள் பெண்களுக்கு மூப்பர் குழுவில் நாற்காலி இல்லை. தென்னிந்தியத் திருச்சபையில் ஒரு பெண் போதகராக அபிஷேகம் பெற 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சாதியும் அப்படியே. 1850-இல் சென்னை மிஷனரி மாநாடு சாதிக்கு எதிராகக் கடுமையான தீர்மானம் எழுதியது. ஆயினும் யார் மூப்பராவது, யார் வீட்டில் தண்ணீர் குடிப்பது என்ற இடங்களில் சாதி நீண்டகாலம் உயிரோடு இருந்தது, இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. தேர்தல் இருந்தால் பணமும் சொந்தபந்தமும் கூட்டமாக வரும் என்பதையும் நாம் நீதிமன்றப் படிகளில் பார்த்துவிட்டோம். எனினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இந்தக் குறைகளை எதிர்த்தவர்கள் பெரும்பாலும் இதே முறையின் கருவிகளைக் கொண்டே எதிர்த்தார்கள்: வாக்கு, பொதுக்கூட்டம், தணிக்கை.

இதைப் பிரஸ்பிட்டேரியன் மரபு என்று ஏன் சொல்லவேண்டும், மற்றவர்களிடம் இது இல்லையா என்பது நியாயமான கேள்வி. இருந்தது. பூந்தமல்லி, திருவள்ளூர்ப் பக்கம் வேலை செய்த வெஸ்லியன்களிடம் சிறு வகுப்புகளும் வாரக் காசும் இருந்தன. திருநெல்வேலியில் ரேனியஸ் தொடங்கிய தர்ம சங்கமும், தென்மாவட்டச் சபைகள் பெரும் பாத்திரங்களில் சோறு வடித்து எல்லோரையும் ஒரே பந்தியில் உட்காரவைக்கும் அசனமும் ஆங்கிலிக்கன் நிலத்தில் வளர்ந்தவை. 1960-களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்து, பாடியில் டி.வி.எஸ். குழும ஆலைகள் பெருகி, பிறகு வீட்டுவசதி வாரியம் முகப்பேரில் மனைகள் பிரித்தபோது, வேலை தேடி வந்த தென்மாவட்டக் குடும்பங்கள் அந்த அசனத்தையும் கூடவே கொண்டுவந்தன. ஸ்காட்லாந்து மரபின் தனிப் பங்கு, இந்த நல்ல மனதுக்கெல்லாம் ஒரு பதவியையும் ஒரு கணக்கையும் கட்டாயமாக்கியது. 1901-இல் ஸ்காட்லாந்து மிஷனின் சபைகளும் ஆற்காடு மிஷன் சபைகளும் ஒன்றிணைந்தன. 1908-இல் காங்கிரிகேஷனல் சபைகளோடு சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை ஆயின. 1947 செப்டம்பர் 27-இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளோடு இணைந்து சி.எஸ்.ஐ. எனப்படும் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. பேராயரை ஏற்க ஸ்காட்லாந்துக்காரர்கள் தயங்கினார்கள். ஏற்றபோது, பேராயர் தனியாக ஆளக்கூடாது, சபையார் தேர்ந்தெடுத்த மன்றங்களோடு சேர்ந்தே ஆளவேண்டும் என்பது உடன்படிக்கையின் உயிராக நின்றது. காஞ்சிபுரத்தில் ஸ்காட்லாந்துத் திருச்சபைப் போதகராக இருந்த லெஸ்லி நியூபிகின் 1947-இல் மதுரைப் பேராயரானதும், 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயராக இருந்ததும் இந்த இணைப்பின் சின்னங்கள். மேற்குப் புறநகர் ஆலைகளால் நிறைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகள் அவை.

இன்று முகப்பேரில் யாரும் நெல் அறுப்பதில்லை. அறுப்பின் பண்டிகை மட்டும் ஆண்டுதோறும் வருகிறது. நாமறிந்த வடிவில் அது 1843-இல் கார்ன்வாலில் ஓர் ஆங்கிலிக்கன் போதகர் தொடங்கியது. சால்மர்ஸ் வெளியேறிய அதே ஆண்டு. பூசணிக்காயும் வாழைத்தாரும் கேக்கும் ஏலத்துக்கு வருகின்றன, ஒரு தேங்காய் ஆயிரங்களைத் தொடுகிறது, பிரியாணிக் கடையில் வரிசை நிற்கிறது. இதை வெறும் திருவிழா என்று தள்ள எனக்கு மனமில்லை. மாதச் சம்பளக்காரர்கள் தங்கள் அறுவடையைச் சொல்ல வேறு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். என் கவலை, ஏலப் பணம் எங்கே போகிறது என்பதில் இருக்கிறது. பல சபைகளில் அது கோபுரத்துக்கும் கிரானைட்டுக்கும் ஒலிபெருக்கிக்கும் போகிறது. இதற்கிடையில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, அடுக்குமாடிக் கதவுக்குப் பின்னால் தனித்திருக்கும் முதியவர்களின் எண்ணிக்கை இந்தப் பகுதியில் கண்கூடாக ஏறுகிறது. கிளாஸ்கோவின் 25 பகுதிகளைப் போல, இத்தனை பிளாக்குகளுக்கு ஓர் ஆள் என்று பிரித்துக்கொள்வது பெரிய காரியமில்லை. வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பும் படம் போடுவதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல் வேலை. சந்தா கட்டும் ஒவ்வொருவரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து, போன அறுப்பின் பண்டிகையில் வந்ததில் எத்தனை ரூபாய் நோயாளிகளுக்கும் விதவைகளுக்கும் போயிற்று என்று பொருளாளரைக் கேட்கலாம். அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.