டப்பாவில் போட்ட வாட்ஸும் உண்மையான வாட்ஸும்



கோடைக்கானலில் சுற்றுலா வண்டி ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைய. சீசன் முடிந்ததும் கையில் இருக்கும் பணத்தில் வண்டிக்கு ஆம்ப்ளிஃபயரும் சப்வூஃபரும் வாங்கிப் போடுகிறார்கள். டப்பாவில் '1000 வாட்ஸ்' என்று இருக்கும். சில மாதத்திலேயே ஊஃபர் காயில் கருகிவிடும். இந்த 'வாட்ஸ்' கணக்குக்கு ஒரு பழைய கதை உண்டு.

1930-இல் அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் 'மோட்டரோலா' கார் ரேடியோவை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அன்றைய கார் பேட்டரி 6 வோல்ட்தான். ரேடியோ வால்வுகளுக்கோ அதைப்போல் பல மடங்கு வோல்ட் தேவை. முதலில் அதற்கென்று தனி பேட்டரிகள் வைத்தார்கள். பிறகு வோல்ட்டை உயர்த்தித் தரும் 'வைப்ரேட்டர்' வந்தது.

1950-களில் கார்கள் 12 வோல்ட்டுக்கு மாறின. ஆனாலும் வோல்ட் குறைவு என்ற சிக்கல் தீரவில்லை. எஞ்சின் ஓடும்போது கிடைக்கும் 14.4 வோல்ட்டை நேரடியாக வைத்து, 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாகத் தரக்கூடியது சுமார் 26 வாட்ஸ்தான். அதற்கு மேல் வேண்டுமானால், உள்ளேயே வோல்ட்டை உயர்த்தும் தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டும்.

இதற்கிடையே, வீட்டு ஆம்ப்ளிஃபயர் விற்றவர்கள் கண நேர உச்ச அளவையே பெரிதாக அச்சடித்துப் போட்டி போட்டார்கள். அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 1974-இல் விதி போட்டு, தொடர்ந்து தரக்கூடிய அளவையே சொல்ல வைத்தது. அந்த விதி வீட்டுக் கருவிகளுக்குத்தான். கார் ஆம்ப்ளிஃபயருக்கு 'சி.இ.ஏ. 2006' என்ற தரமுறை வந்தது 2003-இல்: 14.4 வோல்ட், 4 ஓம், சிதைவு 1 சதவீதத்துக்குள். அதுவும் கட்டாயமில்லை. அதனால்தான் டப்பாவில் இன்றும் எந்த எண்ணையும் போட முடிகிறது.

நீங்கள் வாங்கும்போது இதைப் பாருங்கள்:

ஆம்ப்ளிஃபயர், ஊஃபர் இரண்டிலும் 'ஆர்.எம்.எஸ்.' வாட்ஸை மட்டும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும்.

ஓம் கணக்கைப் பாருங்கள். இரண்டு 4 ஓம் ஊஃபரை இணையாகக் கொடுத்தால் 2 ஓம் ஆகிவிடும். அதைத் தாங்காத ஆம்ப்ளிஃபயர் சூடாகி நின்றுவிடும்.

ஃபியூஸைப் பாருங்கள். 20 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் உள்ளே போவதே சுமார் 288 வாட்ஸ். 1000 எங்கிருந்து வரும்?

சின்ன ஆம்ப்ளிஃபயர் போட்டால் ஊஃபருக்கு ஆபத்தில்லை என்று நினைக்காதீர்கள். அதை முழுதாகத் திருகினால் ஒலி அலையின் முனை வெட்டுப்படும். அந்தச் சூட்டிலும் காயில் கருகும்.

இன்னொன்று. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி, குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு. சரியாகப் பொருத்திய செட் மெதுவாக வைத்தாலே தெளிவாகக் கேட்கும். பக்கத்து வீட்டுக் குழந்தையும் தூங்கும். வத்தலக்குண்டு மலைச்சாலை வளைவில் எதிரே வரும் பஸ்ஸின் ஹாரனும் உங்கள் காதில் விழும்.