கூட்டிற் கசியும் மின்: ஒரு சோதனையின் வரலாறு

றோபோ எனப்படும் பொறிமனிதனின் கையை இயக்குவது மின்மோட்டார். அதன் உள்ளே செப்புக் கம்பிச் சுருள். வெளியே உலோகக் கூடு. இரண்டையும் பிரித்து வைப்பது மெல்லிய காவலிப் பூச்சொன்றே. அப்பூச்சுத் தேய்ந்தாற் சுருளும் கூடும் ஒன்றையொன்று தொடும். ஆயினும் மோட்டார் உடனே நின்றுவிடுவதில்லை. மின்கலத்தின் முனைகள் கூட்டோடு தொடர்பற்றிருப்பின் முதற் பழுது வெளிப்படாது கிடக்கும். வேறோரிடத்தில் இரண்டாம் பழுது தோன்றும்போதே சுற்றுப் பூர்த்தியாகிக் கேடு விளையும். இத்தகைய மறைபழுதை முன்னறியும் முறை எங்ஙனம் தோன்றியது என்பதை ஈண்டு நோக்குவாம்.

அதன் தோற்றத்தைக் காண அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடிக்குச் செல்லல் வேண்டும். 1858 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் அயர்லாந்தையும் நியூபவுண்லாந்தையும் ஒரு தந்திவடம் இணைத்தது. கட்டாப்பேர்ச்சா என்னும் மரப்பாலே அதன் காவலி. விக்டோரியா மகாராணியாரின் 98 சொற்கொண்ட செய்தி சென்றடைய ஏறக்குறைய 16 மணிநேரமாயிற்று. குறிகள் தளர்ந்தமை கண்ட மின்னியலாளர் வைற்ஹவுஸ், 2000 வோல்ற்று அளவான அழுத்தத்தை வடத்திற் செலுத்தினார். சில வாரங்களில் வடம் ஊமையாயிற்று.

பழி முழுவதையும் அவர்மேற் சுமத்துதல் நீதியன்று. வடத்தின் காவலி தொடக்கத்திலேயே குறையுற்றிருந்தது. அக்குறையை அளந்துரைப்பதற்கு யாவரும் ஒப்பிய அலகுதானும் அக்காலத்தில் இருக்கவில்லை. 1861 இல் பிரித்தானிய விஞ்ஞானச் சங்கம், வில்லியம் தொம்சனின் தூண்டுதலால், மின்தடைக்கு நியம அலகு வகுக்கக் குழுவொன்றை நிறுவியது. இன்றைய ஓம் என்னும் அலகு அம்முயற்சியின் வழிவந்ததாகும். அடுத்த வடங்களின் உட்கம்பி, கடலில் இடப்படுமுன் நீரில் அமிழ்த்திச் சோதிக்கப்பட்டது. 1866 இல் இட்ட வடம் நிலைத்தது.

பின்னர் மின்விளக்கு வீடுகளிற் புகவே, எடுத்துச்செல்லத்தக்க கருவி வேண்டியதாயிற்று. 1889 இல் சிட்னி எவர்செட் அத்தகைய காவலிச் சோதனைக் கருவியை அமைத்தார். 1903 இல் பதிவுபெற்ற ‘மெகர்’ என்னும் பெயர் இன்றும் வழங்குகின்றது.

1961 இல் அமெரிக்கத் தொழிற்சாலையிற் பணிபுகுந்த யூனிமேற் என்னும் பொறிமனிதன் திரவ அழுத்தத்தால் இயங்கியது. 1974 இல் சுவீடனின் ஆசியா நிறுவனம் முற்றும் மின்னால் இயங்கும் பொறிமனிதனை வெளியிட்டது. மோட்டார்கள் மூட்டுகளை இயக்கத் தொடங்கவே, பழைய சோதனை புதிய உடலிற் புகுந்தது. இணைப்புக்களைக் கழற்றி, மானியின் ஒரு முனையைக் கூட்டின் பூச்சற்ற உலோகத்திலும் மறுமுனையை மோட்டாரின் கம்பியிலும் வைப்பர். சில பழுதுகள் ஒரு நிலையில் மாத்திரமே தலைகாட்டுமாதலால் அச்சினை மெல்லத் திருப்புவர். சாதாரண மானி சிறு அழுத்தத்தையே செலுத்துவதால் நலிந்த காவலியையும் நல்லதெனக் காட்டக்கூடும். ஆதலால், தொழிற்சாலைப் பொறிகளில் 500 வோல்ற்றிற் சோதித்து, தடை ஒரு மெகாஓமிற் குறையலாகாதென விதித்துள்ளனர்.

அன்று காவலியின் வலுவை அளந்தறியாது வலிந்து ஏவினர், வடம் மடிந்தது. ஏவுமுன் அளந்தறிக என்பதே ஆழ்கடல் கற்பித்த பாடம். பள்ளிக்கூடத்து மேசையிற் சிறு பொறிமனிதனை ஆக்கும் மாணாக்கனுக்கும் அஃதே பாடமாகும்.