வன்னியில் மின் நியமம்: ஒரு வரலாற்று நோக்கு

நியமம் என்பது ஏட்டில் எழுதப்பட்ட எண் மாத்திரமன்று. ஊர்களைப் பிணைக்கும் உடன்பாடுமாகும். 230 வோல்ற்று, 50 ஏற்சு என்பன இலங்கையின் வீட்டு மின்சாரத்துக்குரிய எண்கள். வன்னிப் பெருநிலத்தின் பெரும்பகுதியில் இவ்வெண்கள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பொருளிழந்து நின்றமையும் பின்னர் மீண்டமையும் நோக்கற்பாலன.

இந்நியமம் இலங்கையிற் பிறந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் 50 ஏற்சு மீடிறன் வேரூன்ற, ஐக்கிய அமெரிக்கா 60 ஏற்சைக் கைக்கொண்டது. பிரித்தானியாவிலோ நகருக்கு நகர் மீடிறன் வேறுபட்டது. 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே தேசிய மின்வலையமைப்பும் பொது மீடிறனும் அங்கு உருப்பெற்றன. அவர்தம் ஆட்சிக்குட்பட்டிருந்த இலங்கையும் அவ்வழியே சென்றது. 1950இல் லக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியமையும் 1969இல் இலங்கை மின்சார சபை நிறுவப்பட்டமையும் ஒரே வலையமைப்பு விரிவுற வழிகோலின.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. வடக்குக்கான மின்தொடர்பு அறுந்தது. எரிபொருளும் உலர்மின்கலமும் பொருளாதாரத் தடைக்குள்ளாயின. மக்கள் மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, தைனமோவிலிருந்து பெற்ற மின்னால் வானொலிச் செய்தி கேட்டனர். தைனமோ தருவது ஆடலோட்டம்; வானொலி வேண்டுவது நேரோட்டம். ஆதலால் இருவாயிகளைக் கொண்டு அதனைச் சீராக்க வேண்டியிருந்தது. கை தளர்ந்தால் குரலும் தளரும். அங்கு வோல்ற்றளவைத் தீர்மானித்தது சட்டமன்று, சுழற்றியவரின் கைவலுவே.

மின்பிறப்பாக்கியின் நிலையும் அடிப்படையில் இதுவே. நான்கு முனைவுகளையுடைய மின்பிறப்பாக்கி நிமிடத்துக்கு 1500 முறை சுழன்றாலே 50 ஏற்சு கிடைக்கும். சுமை மிகுந்து வேகம் குன்றின் மீடிறனும் குன்றும். பெரு வலையமைப்பில் பல நிலையங்கள் பகிர்ந்து தாங்கும் அச்சுமையைத் தனித்தியங்கும் பொறி தானே தாங்க வேண்டியதாயிற்று.

2009 மே மாதத்திற் போர் முடிவுற்றது. அதன்பின் வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு 132 கிலோவோல்ற்று மின்வழி அமைந்து, 2013இல் சுன்னாகம் வரை நீண்டது. நியமம் மீண்டது, ஆயின் வேறொரு பொருந்தாமை புலப்படலாயிற்று. புலம்பெயர்ந்த உறவினர் வாழும் கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற்று, 60 ஏற்சு. அந்நாட்டு மின்னழுத்தியை நேரே 230 வோல்ற்றில் இணைப்பின், தடை மாறாதெனக் கொண்டால், அது கொள்ளும் வலு ஏறத்தாழ 3.7 மடங்காகும், கருவி கருகும். நிலைமாற்றி வோல்ற்றளவைக் குறைக்குமேயன்றி மீடிறனை மாற்றாது. எனவே 60 ஏற்சுக்கு அமைந்த மின்கடிகாரம் 50 ஏற்சில் மணிக்குப் பத்து நிமிடம் பிந்தும். ஐரோப்பியக் கருவிகளுக்கு இவ்விடர் இல்லை. செருகியின் வடிவமே அங்கு சிக்கல். இலங்கையிலேயே 5, 15 அம்பியர் வட்டமுனைச் செருகிகளும் 13 அம்பியர் சதுரமுனைச் செருகியும் நெடுங்காலம் ஒருங்கே வழங்கின. 2016இல் 13 அம்பியர் வகையே தேசிய நியமமாகத் தெரிந்தெடுக்கப்பட்டது.

கம்பி அறுந்த காலத்தில் ஒவ்வொரு வீடும் தன் மின்சாரத்தைத் தானே ஆக்கித் தானே அளந்தது. ஆகவே வன்னியைப் பொறுத்தவரை 230, 50 என்னும் எண்கள் பொறியியற் குறிப்புகளாக மட்டும் அமையவில்லை. ஓர் ஊர் ஏனைய ஊர்களோடு இணைந்திருந்ததா, விலக்கப்பட்டிருந்ததா என்பதை அறிவிக்கும் வரலாற்றுச் சான்றுகளாகவும் அவை விளங்குகின்றன.