'வடு' என்னும் ஒரு சொல்: கதை வாசிப்பும் குழந்தைகளின் சொல்வளமும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து கரூர் செல்லும் மார்க்கத்தில், காவிரியின் தென்கரையில் அமைந்துள்ள ஜீயபுரத்துக்குப் பங்குனிப் பிரமோற்சவத்தின்போது ஸ்ரீரங்கத்து நம்பெருமாள் எழுந்தருளும் வைபவத்தோடு, தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டுவரும் ஒரு கதை பிணைந்திருக்கிறது. க்ஷவரம் செய்துகொள்ள ஆற்றங்கரைக்குப் போன ரங்கன் என்னும் பேரனை வெள்ளம் அடித்துக்கொண்டு போக, பழையதும் மாவடுவும் எடுத்துவைத்துக்கொண்டு அவன் வழி பார்த்துத் தவித்த பாட்டியின் முன், அரங்கனே அப்பேரன் வடிவில் வந்தமர்ந்து உண்டான் என்பதும், உண்மைப் பேரன் திரும்பி வந்தபோது முன்னவன் மறைந்தான் என்பதும் அக்கதை. இதைக் கேட்கும் ஐந்து வயதுக் குழந்தை 'மாவடு' என்றால் என்னவென்று முன்பின் அறியாததாயினும், அது பழையதற்குத் தொட்டுக்கொள்வது, வீட்டில் ஜாடியில் இருப்பது, பாட்டி ஆசையாய் எடுத்து வைப்பது என்பவற்றையெல்லாம் ஒருவரும் பொருள் சொல்லாமலே கிரகித்துக்கொள்கிறது.

அதே குழந்தை சில மாதங்கள் கழித்து வேறொரு கதையில், வீரன் ஒருவனின் மார்பில் வாள் பாய்ந்த வடு இருந்ததாக வாசிக்கும்போது ஒரு கணம் திகைக்கிறது. ஆயினும் மாம்பிஞ்சு மார்பில் இருக்க இயலாதென்று தானே தெளிந்து, தழும்பு என்னும் பொருளை எட்டிவிடுகிறது. திகைப்புக்கும் தெளிவுக்கும் இடைப்பட்ட அந்தச் சிறு பிரயாசையே சொல்லைக் குழந்தைக்குச் சொந்தமாக்குகிறது என்பதும், அதற்குரிய சந்தர்ப்பத்தைக் கதைபோல் வேறெதுவும் தாராளமாக அளிப்பதில்லை என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

இதற்கு மாறாக, நம் முன்னோர் நிகண்டை மனனம் செய்வித்தே சொல்வளத்தை விருத்தி செய்தனர் என்று கூறுவோர் உண்டு. அக்கூற்று புறக்கணிக்கத் தக்கதன்று. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டில் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தொகுத்துரைக்கும் பதினோராம் தொகுதியைத் திண்ணைப் பள்ளி மாணாக்கர் நெட்டுருச் செய்தனர். திருச்சிக்கு அருகே அதவத்தூரில் 1815-இல் பிறந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் அம்மரபில் வளர்ந்தவரே. ஆயினும், நிகண்டு அக்காலத்தில் தனித்து நின்றதில்லை; மனனம் செய்த சொல்லுக்கு உயிர் கொடுக்கப் புராண விரிவுரைகளும் காவியப் பாடங்களும் உடன் நடந்தன. இன்று நாம் கதையை விலக்கிவிட்டு அருஞ்சொற்பொருள் பட்டியலை மட்டும் மனனம் செய்விப்போமாயின், அது அந்த மரபில் பாதியைக் கைவிடுவதாகும்.

தமிழ்க் குழந்தைக்குக் கதை இன்றியமையாததாவதற்கு நம் மொழிக்கே உரிய காரணம் ஒன்றுண்டு. வீட்டில் 'வந்துட்டான்' என்று கேட்கும் குழந்தை ஏட்டில் 'வந்துவிட்டான்' என்று காண்கிறது; பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இடையில் இத்தகைய தூரம் இருக்க, பாடநூல் பெரும்பாலும் எழுத்தின் கரையிலேயே நின்று பேசுகிறது. கதையிலோ, ஆசிரியர் கூற்று எழுத்து நடையிலும் பாத்திரங்களின் உரையாடல் பேச்சு நடையிலும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வருவதால், குழந்தை இரண்டையும் ஒப்புநோக்கி, தான் அறிந்த சொல்லின் துணையால் அறியாத வடிவத்தைப் பற்றிக்கொள்கிறது.

1947 ஜூலையில் சென்னையிலிருந்து வெளிவரத் தொடங்கிய சிறுவர் இதழான 'அம்புலிமாமா'வின் சேவையை இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். அதில் நெடுங்காலம் தொடர்ந்த விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகள், மன்னன் மரமேறிச் சடலத்தை இறக்கித் தோளில் சுமந்து மௌனமாய் நடப்பதை மாதந்தோறும் ஏறத்தாழ ஒரே வாசகத்தில் சொல்லித் தொடங்கின. கதை புதிது, வாயில் பழையது. அவ்வாயிலில் மீண்டும் மீண்டும் நுழைந்த சிறுவர்களுக்கு மயானம், மௌனம் போன்ற சொற்கள் அகராதியின் உதவியின்றியே ஸ்வாதீனமாயின. 1950-இல் தோன்றிய 'கண்ணன்' இதழும், புதுக்கோட்டைச் சீமையின் அரிமளத்தில் 1925-இல் பிறந்த வாண்டுமாமாவின் எழுத்துகளும் இப்பணியைத் தொடர்ந்தன.

குழந்தைக்கென எழுதும்போது அரிய சொற்களையெல்லாம் களைந்துவிட வேண்டும் என்னும் அபிப்பிராயம் பரிவிலிருந்து பிறப்பதேயாயினும், பலனில் குழந்தைக்குத் தீங்கானது. அமெரிக்க ஆய்வாளர்களான ஹேய்ஸ், ஆரன்ஸ் இருவரும் 1988-இல் ஆங்கிலத்தை ஆராய்ந்து, கல்லூரிக் கல்வி பெற்ற பெரியவர்களின் உரையாடலில் ஆயிரம் சொற்களுக்குச் சுமார் 17 அரிய சொற்களும், சிறுவர் நூல்களில் சுமார் 31 அரிய சொற்களும் வருவதாகக் கணக்கிட்டனர். வீட்டுப் பேச்சு எவ்வளவு நல்லதாயினும் நூலின் இடத்தை அது நிரப்பாதென்பதற்கு இது சான்று. தமிழ்நாட்டரசின் வாசிப்பு இயக்கம் தன் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற எனப் படிநிலைப்படுத்தியிருப்பது போற்றத் தக்கது. படிநிலை என்பது ஏறுவதற்கானது என்பதை மட்டும் நாம் மறவாதிருத்தல் வேண்டும்.

இதில் பெரியவர்களின் பங்கு சிறிதன்று. எழுத்துக் கூட்டத் தொடங்கும் பருவத்தில் உரக்க வாசித்துக் காட்டுதலும், குழந்தை கேட்கும்போது ஒரு சொல்லில் விளக்கிவிட்டு மேலே செல்லுதலும், பிடித்த கதையைப் பத்தாம் முறை கேட்டாலும் சலியாது வாசித்தலும் போதும். வரிக்கு வரி நிறுத்திப் பொருள் கேட்டால் கதை பரீட்சையாகிவிடும். ஜீயபுரத்துப் பாட்டி பேரனுக்குப் பழையது பரிமாறினாளேயன்றி, மாவடுவின் பெயரைச் சொல்லிவிட்டு உண் என்று நிபந்தனை விதிக்கவில்லை. நாமும் முதலில் பரிமாறுவோம்; உண்ட குழந்தை, தொட்டுக்கொண்டது என்னவென்று தானே கேட்கும்.