கித்துல்கலயில் எழுந்த பாலம்

‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்தில் ஓடுகிற ஆறு தாய்லாந்தினுடையது அல்ல. அது எங்கள் இலங்கையின் களனி கங்கை. ஹட்டனிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் இறங்கினால், கினிகத்தேனையைத் தாண்டியதும் கித்துல்கல வரும். இயக்குநர் டேவிட் லீன் அங்கே யானைகளை வைத்து மரம் இழுத்து, மெய்யாகவே ஒரு பாலம் கட்டினார். 1957 மார்ச்சில் அதன்மேல் மெய்யான ரயிலை ஓடவிட்டு, வெடிவைத்துத் தகர்த்தார். முதல் நாள் கேமராக்காரர் ஒருவரின் சைகை வராததால் வெடியை நிறுத்திவிட்டார்கள். ரயில் பாலத்தைக் கடந்து அக்கரையில் போய் மோதியது. அதைத் தூக்கித் தண்டவாளத்தில் ஏற்றி மறுநாள் எடுத்த காட்சியைத்தான் நாம் பார்க்கிறோம்.

எத்தனை தடவை பார்த்தாலும் என்னை இழுப்பது அந்த வெடி அல்ல; போர்க்கைதியான பிரிட்டிஷ் கர்னல் நிக்கல்சனாக வரும் அலெக் கின்னஸ்தான். அதிகாரிகள் கூலிவேலை செய்யமாட்டார்கள் என்று ஜப்பானியத் தளபதி சைட்டோவிடம் மல்லுக்கு நின்று, தகரக் கூண்டில் வெயிலில் வெந்து, கால் பின்ன வெளியே வருவாரே, அந்த நடை! போலியோவிலிருந்து தேறிவந்த தன் மகனின் நடையை மனதில் வைத்து நடித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். முதல் தடவை பார்க்கும்போது அவர் வீரர். அடுத்த தடவை, எதிரிக்காகக் கட்டும் பாலத்தின்மேல் அவருக்கு எப்போது ஆசை விழுந்தது என்று தேடத் தொடங்குவோம். அந்தி வெளிச்சத்தில், பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்து தன் இருபத்தெட்டு வருட ராணுவ வாழ்க்கையைப் பேசுகிற இடத்தில் லீன் அவரை முதுகுப்பக்கமிருந்தே காட்டுகிறார். முகம் தெரியாததால்தான் அந்தப் பேச்சு இவ்வளவு கனக்கிறது.

இவ்வளவு பிடித்த படத்தில் எனக்கு ஆறாத குறை ஒன்று உண்டு: உண்மையில் அந்த ரயில் பாதையைப் போட்டு மாண்ட தமிழர்கள் அதில் இல்லை. படத்தின் கதைக்குப் பின்னணியாக இருப்பது ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதை. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் நீளமான அது, 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. ஜப்பானியப் பொறியாளர்களுக்குப் பாலம் கட்டத் தெரியாது என்று படம் சொல்வதும் பொய். பாதையைத் திட்டமிட்டவர்கள் அவர்கள்தான். வேலை செய்த நேச நாட்டுக் கைதிகள் 60,000 பேருக்கு மேல். அவர்களில் 12,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களோ அவர்களைவிடப் பல மடங்கு. அத்தொழிலாளர்களில் இறந்தவர் தொகையை 90,000 என்று மதிப்பிடுவோர் உண்டு. அந்தக் கூட்டத்தில் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள் ஏராளம். திருச்சி, சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் எங்கள் பாட்டன்மாரை இலங்கைக்குக் கூட்டிவந்தது போலவே அவர்களை மலாயாவுக்குக் கொண்டுபோனார்கள். அண்ணன் கொழுந்து பறிக்க வந்திருந்தால், தம்பி பால்மரம் வெட்டப் போயிருப்பான்.

போரில் ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டங்கள் முடங்கிக் கிடந்தன. அரிசியும் சம்பளமும் தருவதாகச் சொல்லி ஜப்பானியர் ஆள் சேர்த்தார்கள், வராதவர்களைப் பிடித்துப்போனார்கள். இலவசப் படம் என்று கூப்பிட்டு, கொட்டகை நிறைந்ததும் கதவைப் பூட்டி ஆண்களை ரயிலேற்றியதையும் தப்பிவந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1943 மழைக்காலத்தில் முகாம்களில் காலரா பரவியபோது, மருத்துவ அதிகாரியோ தலைவனோ இல்லாத இந்த மக்கள்தான் கூட்டங்கூட்டமாகச் செத்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் இறந்த கைதிகளுக்குப் பெயர் பொறித்த வரிசைகள் உண்டு. தமிழருக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது.

பெயர் மறைக்கப்பட்டவர்கள் அந்தப் படத்துக்குப் பின்னாலும் உண்டு. அதன் திரைக்கதையை எழுதிய கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும் கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தால் ஒதுக்கப்பட்டிருந்தார்கள். ஆஸ்கார், மூலநாவலை பிரெஞ்சில் எழுதிய பியர் பூலுக்குப் போனது. 1984இல்தான் தவறு திருத்தப்பட்டது; விருது கைக்கு வந்தபோது இருவருமே உயிரோடு இல்லை.

ரயில் பாதையில் மாண்ட தமிழர்களைப் பற்றி மலேசியாவில் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்றும், அ. ரெங்கசாமி ‘நினைவுச்சின்னம்’ என்றும் நாவல் எழுதியிருக்கிறார்கள். இவற்றைப் படித்த ஒரு தமிழ் இயக்குநர், லீனுக்கு இருந்த பொறுமையோடு இந்தக் கதையை எடுக்கவேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். படம் அந்தக் கொட்டகைக் கதவு பூட்டப்படும் இடத்திலிருந்து தொடங்கட்டும்.